ஒரே கையில் இருந்த தண்ணீர்

என் மனைவியின் காக்காவை, அவளுடைய மூத்த சகோதரரை, எங்கள் வட்டைக்கு விதானையாராகத் தெரிவுசெய்த கூட்டத்தில் நானும் கை உயர்த்தினேன். கூட்டங்களில் நான் செய்கிற ஒரே வேலை அதுதான். வாசலுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருப்பேன். கை உயர்த்தச் சொன்னால் உயர்த்துவேன், தேத்தண்ணி தந்தால் குடிப்பேன், முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்து மோட்டார் சைக்கிளைத் திருப்புவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதால்தான் வாய் திறப்பதில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பல்கலைக்கழகம் போயிருந்தாலும் நான் பேசாமல்தான் இருந்திருப்பேன். நாலு பேர் ஒன்றாக என் முகத்தைப் பார்த்தால் சொல்ல வந்தது பாதி மறந்துபோகும்.

வீடு சாய்ந்தமருதில். வயல் உள்ளே, வரிப்பத்தான்சேனைப் பக்கம். இரண்டும் மனைவிக்குச் சீதனமாக வந்தவை. உழுகிறவன் நான், காணி உறுதிப் பத்திரத்தில் இருப்பது அவள் பெயர். ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிற வயல்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வட்டை. அந்த வாய்க்காலைப் பார்க்கிறவர் விதானையார். குளத்திலிருந்து வருகிற தண்ணீரை இன்றைக்கு இன்னாருக்கு, நாளைக்கு இன்னாருக்கு என்று முறைப்படி திறந்து விடுவதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. அறுவடை முடிந்ததும் ஆளுக்குக் கொஞ்சம் நெல் கொடுப்போம். அதுதான் அவருக்குச் சம்பளம்.

மச்சான் அந்த வேலைக்கென்றே பிறந்தவர் மாதிரி. சுபஹுத் தொழுதுவிட்டு இருட்டோடு வாய்க்காலுக்குப் போய்விடுவார். யாரிடமும் ஒரு தேங்காய்கூட வாங்கமாட்டார். போடியார் வயலானாலும் கூலிக்காரன் குத்தகைக்கு எடுத்த வயலானாலும் நேரம் முடிந்தால் பலகையை இறக்கித் தண்ணீரை அடைத்துவிடுவார். அவருக்கு முன்பு இருந்தவர் தன் சொந்தக்காரர்களின் வயல்களுக்குப் பலகையை மறந்துவிடுகிறவர். அதனால் மச்சான் வந்ததும் வட்டையே நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

முன்பெல்லாம் வேலைகள் பிரிந்திருந்தன. எப்போது விதைப்பது, எப்போது தண்ணீர் திறப்பது, என்ன தப்புக்கு என்ன தண்டனை என்பதைப் போகத்துக்கு முன் நடக்கிற ஆரம்பக் கூட்டம் முடிவுசெய்யும். அந்த முடிவுகளை நிறைவேற்றுவது விதானையார். தண்ணீர்ச் சண்டை, வரம்புச் சண்டை, மாடு மேய்ந்த சண்டை வந்தால் மூன்று பேர் விசாரிப்பார்கள். ஒருவர் அரிசி ஆலை வைத்திருப்பவர், ஒருவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி, மற்றவர் வரிப்பத்தான்சேனையிலேயே இருக்கிற மாட்டுக்காரர். வயலுக்குப் போய்ப் பார்ப்பார்கள், இரண்டு பக்கமும் கேட்பார்கள், தங்களுக்குள் சண்டை பிடிப்பார்கள், பிறகு சொல்வார்கள். நேரம் எடுக்கும். எரிச்சலாக இருக்கும்.

மச்சான் வந்த பிறகு அந்த மூன்று பேரிடம் போவது குறைந்தது. யாரும் அவர்களை நிறுத்தவில்லை. "விதானையாரிட்டயே சொல்லுங்க, நிண்ட நிலையில முடிச்சிருவாரு" என்று சொல்லிச் சொல்லியே அது நடந்தது. உண்மையிலும் அவர் நின்ற நிலையில் முடித்தார், சரியாகவும் முடித்தார். அடுத்த போகத்தில் ஆரம்பக் கூட்டத்திலும் அதே கதை. தண்டனைகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது யாரோ எழும்பி, "அத விதானையார் பாத்துப் போட்டுக்கொள்ளட்டும், நமக்கு லுஹர் தொழுகைக்கு நேரமாகுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கை உயர்த்தினோம். நானும்தான்.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அது உரம் இல்லாமல் போன வருஷத்துக்குப் பிந்திய காலம். கொழும்பில் எடுத்த ஒரு முடிவில் நாடு முழுக்க யூரியா நின்றுபோனது. எங்கள் வயல்கள் மஞ்சளாக நின்றன. தேத்தண்ணிக் கடையில் வேறு பேச்சே இல்லை. "ஒருத்தர் நினைச்சா ஒரு ராவுல உரத்த நிப்பாட்டலாம் எண்டா, மறுகா பாராளுமன்றம் என்னத்துக்கு? கோடு கச்சேரி என்னத்துக்கு? பூட்டிப்போட்டு மாடு கட்டலாமே" என்று ஆலைக்காரர் சத்தம் போட்டார். எல்லா அதிகாரத்தையும் ஒரு கதிரையில் குவித்துவிட்டார்கள், தடுக்க ஆளில்லை என்று மேசையில் தட்டினோம். நான் மனதுக்குள் தட்டினேன். அதே வாயோடு எழும்பிப் போய்த்தான், அதே மாதிரி ஒரு கதிரையை எங்கள் வட்டையிலும் செய்து வைத்தோம். கொழும்பில் இருப்பவர் எங்களுக்குத் தெரியாதவர், மச்சான் எங்களுக்குத் தெரிந்தவர், நல்லவர் என்பதுதான் எங்கள் கணக்கு.

பிறகு ஒரு சிறுபோகம், வெயில்காலத்துப் போகம், மோசமாகக் காய்ந்தது. குளம் கீழே போய்விட்டது. தண்ணீர் முறைகளுக்கு இடையில் நாட்கள் நீண்டன. ஒருநாள் வட்டையின் வாட்ஸ்அப் குரூப்பில் மச்சானின் குரல் வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்க. முறை தவறித் தண்ணி எடுக்கிற ஆளுக்கு அடுத்த முறை இல்ல. ஆரெண்டாலும் இல்ல. மறுகா வந்து என்னோட கதைக்கவும் வேணாம்."

எல்லோரும் பெருவிரல் படம் போட்டார்கள். நானும் போட்டேன். தண்ணீர் களவெடுக்கிற ஆட்கள் இருந்தார்கள், அவர்களுக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

கொஞ்ச நாளில் அதே குரூப்பில் அதே குரல். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இண்டைக்கு என்ட தங்கச்சிர மாப்பிள்ளைக்கு முறை இல்ல. ஆனா அவர்ட வயலுக்குள்ள தண்ணி நிக்கிது. நான் என்ட கண்ணால கண்டன். அவருக்கு அடுத்த முறை இல்ல. சொந்தம் எண்டு பாக்கமாட்டன்."

மாஷா அல்லாஹ் என்று ஒருவர் எழுதினார். சொந்த மச்சானுக்கே தண்ணீரை அடைத்த விதானையார் இலங்கையில் வேறு எங்கே இருக்கிறார் என்று இன்னொருவர். பெருவிரல்கள் வந்துகொண்டே இருந்தன. என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. என் நஷ்டம் அவருக்கு நல்ல பெயராகிக்கொண்டிருந்தது.

நான் பலகையைத் தொடவே இல்லை. நெல் அப்போது குடலையில் நின்றது. கதிர் இன்னும் தண்டுக்குள் சுருண்டிருக்கிற பருவம். அந்த நேரத்தில் ஒரு முறை தண்ணீர் தவறினால் கதிர் வெளியே வரும், உள்ளே அரிசி இருக்காது. எங்கள் வீட்டுக்கு வருஷச் சோறு அந்த வயல்தான்.

"இஞ்சேருங்க, நீங்க தொறந்தீங்களா?" என்று மனைவி கேட்டாள். 

"இல்ல."

"அப்ப அத அங்க சொல்லுங்க."

"சொல்லுவம்."

"எப்ப? இந்த வெயில்ல நெல் கருகினத்துக்குப் பிறகா? ஒங்கட வாய என்ன, வாடகைக்கா உட்டிருக்கீங்க?"

பொழுது பட்டு மஃரிப் தொழுத பிறகு மச்சான் வீட்டுக்குப் போனேன். கதிரை தந்தார், தேத்தண்ணி தந்தார். அவர் மனைவி உள்ளே இருந்து சுகம் விசாரித்தார். நான் சொல்ல வந்ததை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். அங்கே போனதும் ஒரு வசனம்தான் மிஞ்சியது.

"மச்சான், நான் தொறக்கல்ல."

"வயலுக்குள்ள தண்ணி நிண்டிச்சா இல்லியா?"

"நிண்டிச்சி."

"அப்ப மானத்தால மழையா வந்திச்சா?" அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கோவிக்காதீங்ககா. ஒங்களக் களவன் எண்டு நான் சொல்லல்ல. பலகைய ஒழுங்கா வெச்சிருக்கமாட்டீங்க. ஆனா சொல்லிட்டன். வட்டையே கேட்டுட்டு. இப்ப மாத்தினா மச்சானுக்காக மாத்தின எண்டுதான் கதைப்பாங்க."

"வந்து இன்னொருக்காப் பாருங்களன்."

"பாத்துட்டுத்தானேகா சொன்ன."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினேன். அவர் பொய் சொல்லவில்லை. தண்ணீரைக் கண்டவர் அவர். கண்டதைக் குற்றம் என்று வைத்தவர் அவர். அந்தக் குற்றத்துக்கு இதுதான் தண்டனை என்று முன்பே போட்டவரும் அவர். இப்போது, நீங்கள் கண்டது சரியா என்று நான் கேட்க வேண்டிய ஆளும் அவர்தான். வட்டைக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவரே நின்றார்.

அடுத்த நாள் காலை வயலைச் சுற்றி வரம்பு வரம்பாகப் பார்த்தேன். வாய்க்கால் பக்கத்து வக்கடை, தண்ணீரை உள்ளே விடுகிற அந்த வழி, பலகையும் மண்ணுமாக இறுகிக் கிடந்தது. மேல் மூலையில், பக்கத்து வயல்காரரான ஹாஜியாரின் வயலுக்கும் எங்கள் வயலுக்கும் நடுவில் இருக்கிற வரம்பின் அடியில், புல்லுக்குள் ஈரம் மினுங்கியது. குனிந்து புல்லை ஒதுக்கினேன். நண்டு வளை. அவருக்கு முறை வந்து வயல் நிறைந்தபோது, அந்த வளையால் தண்ணீர் எங்கள் பக்கம் இறங்கியிருக்கிறது. இப்போதும் நூல் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது.

ஹாஜியாரைக் கூட்டி வந்து காட்டினேன். குந்தியிருந்து பார்த்தார்.

"ஓம்கா, இது என்ட தண்ணிதான். வெயில்ல வத்துது எண்டு நினைச்சன்."

"விதானையாரிட்ட ஒரு சொல் சொல்லுங்களன், ஹாஜியார்."

அவர் எழும்பி, உடுத்திருந்த சாரத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். வாய்க்கால் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"சொல்லலாம்தான். என்ட பலகையும் அவர்ட கையிலதானேகா இருக்கு. இந்த வெயிலுக்குள்ள நான் ஏன் அந்த மனிசன்ட வாயில விழணும்?"

மச்சான் அப்படிச் செய்கிற ஆள் இல்லை. உண்மை சொன்னதற்காக ஹாஜியாரின் தண்ணீரை ஒருபோதும் அடைத்திருக்கமாட்டார். ஆனால் அடைக்கலாம். அடைத்தால் கேட்க ஆளில்லை. அது போதும், ஹஜ்ஜுக்குப் போய்வந்த மனிதருக்கும் வாய் கட்டிப்போகும். நான் பிறவியிலேயே பேசாதவன். வட்டையில் மற்றவர்களும் என்னைப் போலாகிவிட்டார்கள் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

விவசாயிகளின் முறைப்பாடுகளைக் கேட்கிற அரசாங்க அலுவலகம், கமநல சேவை நிலையம், அங்கேயும் போனேன். அங்கே இருந்த உத்தியோகத்தர் ஒரு இளம் பெண், மரியாதையானவர். முழுவதையும் கேட்டார். "முதல்ல ஒங்கட வட்டையில விசாரிக்கணும், ஐயா. அதுல திருப்தி இல்லாட்டித்தான் எங்களிட்ட வரணும். நான் விதானையாருக்கு அறிவிக்கிறன்" என்றார். அறிவித்தும் விட்டார். அன்றைக்குப் பின்னேரம் மச்சான் எனக்குப் போன் எடுத்தார். குரலில் கோபமும் சிரிப்பும் கலந்திருந்தன.

"என்னப் பத்தின முறைப்பாட்ட என்னட்டயே விசாரிக்கச் சொல்லி அனுப்பியிருக்காங்ககா. விசாரிச்சிட்டன். நான் செஞ்சது சரிதான்."

இதை மனைவியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. கையை நீட்டினாள். "போனத் தாங்க."

"என்னத்துக்கு?"

"காணி ஆர்ட பேர்ல?"

கொடுத்தேன். குரூப்பைத் திறந்தாள். ஆண்கள் மட்டும் இருக்கிற குரூப் அது. அதில் அதுவரைக்கும் ஒரு பெண்ணின் குரல் கேட்டதில்லை. அவள் குசினிக்குள் நின்றபடி, ஒரே மூச்சில் சொன்னாள்.

"காக்கா, நான் ஒங்கட தங்கச்சி. இந்த வயல் என்ட. ஒங்கள நான் குறையாச் சொல்லல்ல. ஆனா சட்டத்தப் போட்டதும் நீங்க, கண்டதும் நீங்க, தீர்ப்புச் சொன்னதும் நீங்க. உரத்த நிப்பாட்டினப்ப இதத்தானே எல்லாரும் தேத்தண்ணிக் கடையில இருந்து ஏசின? இப்ப எங்களுக்கு ஒரு ஞாயம் எண்டா நாங்க ஆர்ட்டப் போற? விசாரிக்கிற மூண்டு பேர் இருந்தாங்களே, அவங்க எங்க? வந்து வயலப் பாருங்க. நாங்க களவெடுத்த எண்டா தண்ணி வேணாம்."

அனுப்பிவிட்டு மீன் சட்டியைக் கிண்டப் போய்விட்டாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் குரலைக் கேட்டவர்களின் அடையாளம் ஒவ்வொன்றாக விழுந்தது. இஷாவுக்குப் பாங்கு சொன்ன பிறகு பஸ் சாரதியின் குரல் வந்தது.

"தங்கச்சி கேக்கிறது சரி. எங்கள ஒருத்தரும் நிப்பாட்டல்ல. நாங்களாத்தான் நிண்டுட்டம். நாளைக்கு வாறம். விதானையாரும் வாங்க."

காலையில் மூன்று பேரும் வந்தார்கள். மச்சானும் வந்தார். வழக்கம்போல அவர்களோடு சேர்ந்து நடக்கப் பார்த்தார். பஸ் சாரதி கையைக் காட்டினார்.

"விதானையார், நீங்க இஞ்சால நில்லுங்க. ஒங்கட மச்சான் அங்கால நிக்கட்டும். நாங்க நடுவால போறம்."

"நானும் ஒரு பக்கமா?"

"ஓம்கா. நீங்க கண்ட ஆள். கண்ட ஆள் சொல்லணும், நாங்க கேக்கணும். பஸ்ஸில டிக்கட் போடுறவனே டிக்கட் செக் பண்ணலாமா?"

மச்சானின் முகம் கறுத்தது. ஆனால் நின்றார். கண்டதைச் சொன்னார். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. பிறகு மூன்று முகங்களும் என் பக்கம் திரும்பின. வரம்பைக் காட்டினேன்.

"நண்டு" என்றேன்.

ஆலைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "முழு வழக்குக்கும் ஒரு சொல்லுகா! அப்ப நண்டுக்குத்தான் தண்ணிய அடைக்கணும்."

மாட்டுக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். வளைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டார். வெளியே எடுத்தபோது தண்ணீர் சொட்டியது. மண்ணைக் குழைத்து அடைத்து மிதித்தார். நூல் நின்றது. ஹாஜியார் தன் வயல் வரம்பில் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் சாரதி கூப்பிட்டுக் கேட்டதும் வந்து, "ஓம், என்ட தண்ணிதான்" என்றார். அவரிடம் கேட்க ஒரு ஆள் இருந்தார், கேட்ட ஆளிடம் அவருடைய பலகை இருக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்று பேரும் தள்ளிப்போய்ப் பேசினார்கள். எனக்கு முறை உண்டு என்றார்கள். ஆரம்பக் கூட்டம் ஒத்துக்கொள்ளாத தண்டனை இந்த வட்டையில் இனிச் செல்லாது என்றும் சொன்னார்கள். மச்சான் வாய்க்காலுக்கு நடந்தார். அவரே குனிந்து பலகையைத் தூக்கினார். அது அவர் வேலை.

இவ்வளவும் நடந்து முடிய எங்கள் வயலின் பள்ளப் பக்கம் தப்பியது. மேட்டுப் பக்கம் பதராகிப்போனது. அந்த வருஷம் கடைசி மாதங்களில் அரிசி வாங்கித்தான் சாப்பிட்டோம். நாங்கள் வென்றோம் என்று சிலர் சொல்கிறார்கள். மேட்டுப் பக்கத்தை அறுத்தவன் நான், எனக்குத் தெரியும்.

அடுத்த ஆரம்பக் கூட்டம் லுஹரைத் தாண்டியும் நடந்தது. தண்டனைகளை ஒவ்வொன்றாகக் கூட்டமே பேசி முடித்தது. அவற்றை நிறைவேற்றுவது விதானையார், விசாரிப்பது அந்த மூன்று பேர், அவர்களில் ஒருவருக்குச் சொந்தக்காரர் வழக்கில் இருந்தால் அவர் விலகி வேறொருவர் வரவேண்டும் என்று வைத்தார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்கு வலுவேறாக்கம் என்று பெயர் இருப்பதாகப் பிறகு அறிந்தேன். பெரிய சொல். எங்களுக்கு அது, பலகையைப் பிடிக்கிற கையும் தீர்ப்புச் சொல்கிற வாயும் ஒரே ஆளுக்கு இருக்கக் கூடாது என்பதுதான். அந்த ஆள் கெட்டவர் என்பதற்காக இல்லை. நல்லவருக்கும் தான் சொன்னதைத் திருப்பி எடுக்க வெட்கம் வரும்.

விதானையாராக மறுபடியும் மச்சானின் பெயரைச் சொன்னார்கள். நான் கை உயர்த்தினேன். பக்கத்துக் கதிரைக்காரர் குனிந்து, "தண்ணிய அடைச்சவருக்கே கை தூக்கிறீங்களே, ரோசம் இல்லியா?" என்று காதுக்குள் கேட்டார்.

"தண்ணி பாக்க அவரவிட ஆளில்ல" என்றேன்.

மச்சான் கொஞ்சக் காலம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நோன்புப் பெருநாளுக்கு வந்தார். தங்கச்சியிடம், "குரூப்பில கத்தின வாயால ஒரு தேத்தண்ணி ஊத்தித் தாங்க" என்றார். அவளும், "வாயால ஊத்தினா குடிப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு ஊற்றிக் கொடுத்தாள்.

இந்தச் சிறுபோகத்தில் எனக்கு இன்னொரு வழக்கு. என் பங்கு வாய்க்கால் துண்டை நான் துப்பரவு செய்யவில்லை என்று மச்சான் முறைப்பாடு கொடுத்தார். நான் செய்திருந்தேன். பிறகு மாடுகள் இறங்கி மிதித்துக் கரையை உள்ளே தள்ளிவிட்டன. மூன்று பேரும் வந்து பார்த்தார்கள். நான் இந்த முறை நாலைந்து வசனம் பேசினேன். மாட்டுக்காரர் என்னை நம்பினார். மற்ற இருவரும் நம்பவில்லை. திரும்ப வெட்ட வேண்டும், இந்த முறை தண்ணீர் எனக்குக் கடைசியில்தான் என்று தீர்ப்பானது. பிடிக்காவிட்டால் கமநல நிலையத்துக்குப் போகலாம் என்றும் சொன்னார்கள். போவதா என்று யோசித்தேன். நெல் இளம்பயிர், தாங்கும். போகவில்லை. வாய்க்காலை வெட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"கடைசி முறை."

"ஆர் சொன்ன? காக்காவா?"

"இல்ல. மூண்டு பேரும்."

"ஒங்களக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. நானும் சொன்னன். அவங்களுக்குச் சரியாப் படல்ல."

அவள் தட்டில் சோற்றைப் போட்டாள்.

"சரி, கையக் கழுவிட்டு வாங்க" என்றாள். "சோறு ஆறுது."